சட்டத்துக்கு வெளியே நின்ற திராட்சைத் தோட்டம்

அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் ‘தொழிலாளர்’ என்றால் யார் என்று விளக்கும் பிரிவு ஒன்று இருக்கிறது. சங்கம் வைத்துக் கூலி பேசும் உரிமையைக் கொடுத்த சட்டம் அது, 1935-ல் எழுதியது. யார் யாரெல்லாம் தொழிலாளர் என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் சிலரைக் கழித்துவிடும். விவசாயக் கூலிகள் அதில் சேர்த்தி இல்லை. வீட்டு வேலை செய்பவர்களும் இல்லை. நாளெல்லாம் வெயிலில் குனிந்து நிற்பவரையும், அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவரையும் தொழிலாளர் கணக்கில் சேர்க்காமல் விட ஒரு நாட்டுக்கு என்ன காரணம் இருந்திருக்கும்?

தெற்கு மாநிலங்களின் அரசியல்தான் பெரிய காரணம். நியூயார்க் செனட்டர் ராபர்ட் வாக்னர் 1934-ல் முதலில் கொண்டுவந்த வரைவில் இப்படி ஒரு விலக்கு கிடையாது. குழுக்களுக்குப் போய் வந்தபோது நுழைந்தது. அந்தக் காலத்தில் நாடாளுமன்றக் குழுக்களின் தலைமை இடங்களில் பெரும்பாலும் தெற்கத்திய ஜனநாயகக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ஊர்களில் பருத்திக் காட்டிலும் சமையலறையிலும் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். அவர்கள் சங்கம் வைத்துக் கூலி பேச ஆரம்பித்தால் ஊர் ஒழுங்கே மாறிவிடும். சட்டத்தில் ‘கறுப்பர்’ என்று எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வேலையின் பெயரை எழுதினாலே போதுமானதாக இருந்தது. 1935-லேயே வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே இரண்டு பிரிவினர் விடுபட்டார்கள். குறைந்தபட்சக் கூலியையும் கூடுதல் நேரக் கூலியையும் கொண்டுவந்த 1938-ஆம் வருடச் சட்டத்திலும் அதே கதைதான். இனம்தான் காரணமா, விவசாயத்தைக் கணக்கில் கொண்டுவருவதில் இருந்த நிர்வாகச் சிக்கலா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் பெரிய பயன் தெரியவில்லை. யாரை விட்டால் கேள்வி வராது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தெற்கத்தியப் பருத்திக் காட்டை மனதில் வைத்து எழுதிய அந்த விலக்கு, முப்பது வருடம் கழித்து நாட்டின் இன்னொரு மூலையில், கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில், எழுதியவர்கள் எதிர்பார்க்காத ஒரு வேலையைச் செய்தது.

டெலானோ என்பது லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே இரண்டரை மணி நேரக் கார்ப் பயணத்தில் வரும் சின்ன ஊர். சான் வாகீன் பள்ளத்தாக்கு. சாலையின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டும் வரை திராட்சைக் கொடிதான். தோட்ட முதலாளிகளில் பலர் குரோவேஷியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வெறுங்கையோடு வந்து முன்னுக்கு வந்த குடும்பங்கள். ‘நாங்களும் கஷ்டப்பட்டுத்தான் வந்தோம்’ என்பது அவர்களுடைய வாதம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது, நிலம் வாங்க முடிந்தது, விரும்பியவரைக் கல்யாணம் செய்ய முடிந்தது. கொடிக்குக் கீழே நின்றவர்களின் நிலை வேறு.

அப்படி நின்றவர்களில் ஒரு கூட்டம் பிலிப்பைன்ஸ்காரர்கள். 1898-க்குப் பிறகு பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் காலனி. அதனால் அங்கிருந்து வர விசா வேண்டியதில்லை, ஆனால் குடிமகனாகவும் முடியாது. 1920-களில் இளைஞர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். பெண்கள் வந்தது மிகக் குறைவு. வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்யக் கலிபோர்னியாச் சட்டம் விடவில்லை. அந்தத் தடை 1948-ல்தான் நீதிமன்றத்தில் விழுந்தது. 1930-ல் வாட்சன்வில் ஊரில், பிலிப்பைன்ஸ் ஆண்கள் வெள்ளைக்காரப் பெண்களோடு நடனமாடினார்கள் என்ற கோபத்தில் கும்பல்கள் நாள்கணக்கில் வேட்டையாடின. ஃபெர்மின் தொபேரா என்ற இளைஞர் குண்டு பாய்ந்து செத்தார். 1934-ல் வருடத்துக்கு 50 பேருக்கு மேல் வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார்கள். ஏற்கெனவே வந்தவர்கள் முகாம்களிலேயே, பத்துக்குப் பத்து அறைகளில், தனி ஆட்களாகவே வயதானார்கள். இளையவர்கள் அவர்களை ‘மனோங்’ என்று அழைத்தார்கள். அண்ணன் என்று பொருள்.

லாரி இட்லியாங் அப்படி ஒரு மனோங். 1929-ல் பதினைந்து வயதில் வந்தவர். அலாஸ்காவில் மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலை செய்யும்போது விரல்கள் போய்விட்டன. ‘ஏழு விரல் லாரி’ என்றே பட்டப்பெயர். சுருட்டு பிடிப்பார், சீட்டாடுவார், கெட்ட வார்த்தை பேசுவார், கூலி பேசுவதில் கெட்டிக்காரர். நாட்டின் பெரிய தொழிற்சங்கக் கூட்டமைப்பு 1959-ல் தொடங்கிய பண்ணைத் தொழிலாளர் அமைப்புக் குழுவில் பிலிப்பைன்ஸ்காரர்களைத் திரட்டும் வேலை அவருக்கு.

இன்னொரு கூட்டம் மெக்சிகோக்காரர்கள். 1942-லிருந்து ‘பிரசேரோ’ என்ற அரசு ஒப்பந்தத் திட்டத்தில் மெக்சிகோவிலிருந்து ஆட்களைத் தற்காலிகமாகக் கொண்டுவந்தார்கள். 22 வருடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள். உள்ளூரில் யாராவது கூலி உயர்வு கேட்டால் ஒரு லாரி பிரசேரோக்கள் வந்து இறங்குவார்கள், விஷயம் முடிந்துவிடும். 1964 கடைசியில் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் கூலிக்காரரின் ‘முடியாது’ என்ற வார்த்தைக்கு ஒரு விலை வந்தது.

1965 வசந்தத்தில் தெற்கே கோச்செல்லாவில் முதல் திராட்சை பழுத்தது. தற்காலிகமாகக் கொண்டுவரும் வெளிநாட்டு ஆளுக்கு மணிக்கு 1.40 டாலர் தர வேண்டும் என்று அரசு சொல்லியிருந்தது. உள்ளூரிலேயே இருக்கும் பிலிப்பைன்ஸ்காரருக்குத் தோட்டக்காரர்கள் கொடுக்க முன்வந்தது 1.25. மெக்சிகோ வம்சாவளியினருக்கு 1.10. இட்லியாங்கின் ஆட்கள் வேலையை நிறுத்தினார்கள், பத்தே நாளில் 1.40 கிடைத்துவிட்டது. ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எதுவும் இல்லை. திராட்சை வடக்கு நோக்கிப் பழுத்துக்கொண்டே போகும், கூலிக்காரர்களும் அதன் பின்னாலேயே போவார்கள். டெலானோவுக்கு வந்தால் மறுபடி பழைய கூலி. செப்டம்பர் 7 இரவு பிலிப்பைன்ஸ் சமூகக் கூடத்தில் கூடி முடிவெடுத்தார்கள். மறுநாள் காலை பழம் பறிக்க ஆள் போகவில்லை. முதலாளிகள் முகாம்களில் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினார்கள். இருபது முப்பது வருடம் தங்கிய அறையிலிருந்து வயதானவர்களின் பெட்டி படுக்கை வெளியே வந்தது.

இட்லியாங்குக்கு ஒரு பயம் இருந்தது, நியாயமான பயம். பிலிப்பைன்ஸ்காரர்கள் வேலையை நிறுத்தினால் மெக்சிகோக்காரர்களைக் கருங்காலிகளாகக் கொண்டுவருவார்கள். அவர்கள் நிறுத்தும்போது இவர்களைக் கொண்டுவருவார்கள். முகாமைக்கூட இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். எத்தனையோ வேலைநிறுத்தம் இந்த ஒரே உத்தியில் உடைந்திருந்தது. அதனால் அவர் சீசர் சாவேஸிடம் போனார்.

சாவேஸுக்கு அப்போது 38 வயது. அரிசோனாவில் யூமா பக்கத்தில் பிறந்தவர், பெருமந்தக் காலத்தில் குடும்பம் நிலத்தை இழந்து ஊர் ஊராகக் கூலிக்கு அலைந்தது. 1962-ல் டொலோரஸ் ஹுவெர்த்தாவோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். சிவப்புத் துணியில் வெள்ளை வட்டம், நடுவில் கறுப்புக் கழுகு: அந்தக் கொடி இன்றும் இருக்கிறது. ஒரு பெரிய வேலைநிறுத்தத்துக்குத் தயாராக இன்னும் இரண்டு மூன்று வருடமாவது ஆகும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கையில் பணமும் இல்லை. ஆனால் பிலிப்பைன்ஸ்காரர்கள் தெருவில் நிற்கும்போது தோட்டத்துக்குள் போவதா? செப்டம்பர் 16, மெக்சிகோவின் சுதந்திர நாள். டெலானோ மாதா கோயில் மண்டபத்தில் நிரம்பி வழிந்த கூட்டம் ‘உவேல்கா’ என்று கத்தியது. ஸ்பானிய மொழியில் வேலைநிறுத்தம். அதன் பிறகு பிலிப்பைன்ஸ் கூடத்துச் சமையலறையில் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே உலை.

மணிக்கு இருபது, முப்பது சென்ட்டுக்காகவா இத்தனை பாடு என்று கேட்கலாம். சில தோட்டங்களில் குழு முழுவதற்கும் தண்ணீர் குடிக்க ஒரே ஒரு காலி பீர் டப்பாதான். கழிப்பறை கிடையாது, பெண்கள் கொடி வரிசைக்குள் ஒதுங்க வேண்டும். மருந்து அடித்த கொடியில் ஈரம் காய்வதற்குள் கையை விட வேண்டும். கவாத்து, பிஞ்சு கிள்ளுதல், பறிப்பு என்று வருடம் முழுக்க வேலை இருந்தாலும் எந்த நாளும் ‘நாளை வராதே’ என்று சொல்லிவிடலாம். யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது ஒப்பந்தக்காரர் கையில். நம்மவர்களுக்குக் கங்காணி என்றால் சட்டென்று புரியும்.

சாலையோர மறியல் மட்டும் போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. தோட்டம் மைல் கணக்கில் நீளும், எந்த வாசலில் நிற்பது? ஊர் ஷெரிஃப் முதலாளிகள் பக்கம். அக்டோபரில் ‘உவேல்கா’ என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்லக்கூடாது என்று தடை போட்டார்கள். வேண்டுமென்றே அதைக் கத்திச் சொல்லி 44 பேர் கைதானார்கள், சாவேஸின் மனைவி ஹெலனும் அதில் ஒருவர். அன்று சாவேஸ் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேசிக்கொண்டிருந்தார். இதைச் சொல்லி, மதியச் சாப்பாட்டுக் காசைக் கொடுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டார். ஒரு டாலர் நோட்டுகளாக ஆயிரக்கணக்கில் சேர்ந்தது. சாப்பாட்டுக் காசைக் கேட்டது வெறும் நன்கொடை கேட்பதைவிடக் கூர்மையானது என்று நினைக்கிறேன். யாருடைய கை தட்டுக்குச் சோறு கொண்டுவருகிறது என்பதை அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது.

இன்னொரு காட்சி. 1966-ல் டி ஜியார்ஜியோ நிறுவனத்தின் பெரிய பண்ணை வாசலில் மறியலைக் கட்டுப்படுத்தி நீதிமன்ற உத்தரவு வந்தது. என்ன செய்வது என்று தலைவர்கள் முழித்தார்கள். சில பெண்கள் வந்து கேட்டார்கள்: மறியல்தானே கூடாது, ஜெபம் செய்யலாமே? சாவேஸின் பழைய காரின் பின்பக்கத்தில் அவருடைய தம்பி ரிச்சர்ட் ஒரு பீடம் கட்டினார். குவாதலூப்பே மாதா படம், மெழுகுவர்த்தி, பூ. காரைப் பண்ணைக்கு எதிரே நிறுத்தினார்கள். உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மாலையில் ஜெபத்துக்கு வெளியே வந்தார்கள், வந்த இடத்தில் சங்க அட்டையில் கையெழுத்தும் போட்டார்கள்.

அந்த வருடம் மார்ச்சில் செனட் துணைக்குழு ஒன்று டெலானோவில் விசாரணை நடத்தியது. செனட்டர் ராபர்ட் கென்னடி வந்திருந்தார். சட்டத்தை மீறத் தயாராக இருந்த மாதிரித் தெரிந்ததால் ஆட்களைக் கைது செய்தேன் என்று ஷெரிஃப் சொன்னார். மதிய இடைவேளையில் அரசியலமைப்புச் சட்டத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள் என்று கென்னடி அவருக்கு யோசனை சொன்னார். விசாரணை முடிந்த கையோடு டெலானோவிலிருந்து தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு நடைப்பயணம் கிளம்பியது. சுமார் 300 மைல், 25 நாள். ஈஸ்டர் ஞாயிறன்று போய்ச் சேர்ந்தார்கள். போய்ச் சேர்வதற்கு முன்பே ஷென்லி நிறுவனம் சங்கத்தை அங்கீகரித்துவிட்டது. ஆகஸ்டில் இட்லியாங்கின் குழுவும் சாவேஸின் சங்கமும் இணைந்தன.

ஷென்லி ஏன் அவ்வளவு சீக்கிரம் பணிந்தது? அது சாராயக் கம்பெனி. பாட்டிலில் பெயர் இருக்கும், அந்தப் பெயரை வாங்காதே என்று சொல்வது சுலபம். சாப்பிடுகிற திராட்சைக்குப் பெயர் எங்கே இருக்கிறது? கடையில் குவித்து வைத்திருக்கும் குலையைப் பார்த்து இது யார் தோட்டத்துப் பழம் என்று யாரால் சொல்ல முடியும்? 1967-ல் சங்கம் திராட்சையில் மிகப் பெரிய ஜுமாரா குடும்பத்தோடு மோதியபோது இந்தச் சிக்கல் முழுதாகத் தெரிந்தது. மற்ற தோட்டக்காரர்கள் தங்கள் லேபிளை ஜுமாராவுக்குக் கடன் கொடுத்தார்கள். ஒரே பழம், பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு பெயர். சரி, அப்படியானால் எந்தக் கலிபோர்னியாத் திராட்சையையுமே வாங்காதே என்று சங்கம் 1968-ல் அறிவித்தது. ஒருவரைக் காப்பாற்ற எல்லோரும் லேபிள் கொடுத்தார்கள், அதனாலேயே எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள்.

1935-ஆம் வருட விலக்கு தன் வேலையைக் காட்டியது இந்த இடத்தில்தான். 1947-ல் அதே 1935-ஆம் வருடச் சட்டத்தைத் திருத்தி டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம் வந்து சங்கங்களின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. ஒரு முதலாளியோடு சண்டை என்றால் அவரோடு மட்டும் போடு, அவருடைய சரக்கை விற்கும் மூன்றாவது ஆளை நெருக்கக்கூடாது. இதற்கு இரண்டாம் நிலைப் புறக்கணிப்புத் தடை என்று பெயர். எஃகுத் தொழிலாளர் சங்கம் ஒரு கடையை நெருக்கி, அந்தக் கம்பெனிப் பொருளை எடுத்துவிடு என்று மிரட்டினால் வழக்கு வரும், இழப்பீடு வரும். ஆனால் அந்தச் சட்டத்தின்படி பண்ணைக் கூலி தொழிலாளரே இல்லை. தொழிலாளர் இல்லாதவர்களின் சங்கம், சட்டத்தின் கண்ணில் தொழிலாளர் சங்கமும் இல்லை. உரிமை எதுவும் இல்லாதவர்களுக்குத் தடையும் பொருந்தவில்லை! மற்ற சங்கங்கள் 20 வருடத்துக்கு முன்பு இழந்த ஆயுதம், சட்டம் ஒதுக்கித் தள்ளியவர்கள் கையில் மட்டும் மிச்சம் இருந்தது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1965 கடைசியில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத் துறைமுகத் தொழிலாளர்கள் டெலானோத் திராட்சையைக் கப்பலில் ஏற்ற மறுத்துப் பழம் அழுகியது. நியூயார்க்கிலும் மற்ற சங்கங்கள் உதவிக்கு வந்தன. ஆனால் அந்தச் சங்கங்கள் சட்டத்துக்கு உள்ளே இருப்பவை, அவர்கள் மீது வழக்குப் போடலாம். 1968-ல் நியூயார்க் சங்கங்கள் மீது தோட்டக்காரர்கள் வழக்குத் தொடர்ந்ததும் அந்த உதவி சுருங்கியது. மிச்சம் இருந்தது கடைக்கு வரும் வாடிக்கையாளர். பையைத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு குடும்பத் தலைவியைத் திராட்சை வாங்கு என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த முடியாது.

அதனால் தோட்டத்து ஆட்களையே நகரங்களுக்கு அனுப்பினார்கள். 1968 ஜனவரியில், பனியில், ஹீட்டர் இல்லாத பழைய பள்ளிப் பேருந்தில் ஐம்பது பேர் கலிபோர்னியாவிலிருந்து நியூயார்க் வரை போனார்கள். அங்கே டொலோரஸ் ஹுவெர்த்தா புறக்கணிப்பை நடத்தினார். எலிசேயோ மெதினா என்ற 21 வயதுப் பையனைக் கொஞ்சம் பணத்தோடும் ஒரு பை நிறையச் சங்கப் பேட்ஜோடும் சிகாகோவுக்கு அனுப்பினார்கள். அவர் அதற்கு முன் பெரிய நகரத்தைப் பார்த்ததில்லை. இப்படி டொராண்டோ, பாஸ்டன் என்று ஒவ்வொரு ஊரிலும் சில பேர். காலையில் மொத்தச் சந்தைக்குப் போவது, பகலில் தேவாலயம், மகளிர் அமைப்பு, பள்ளிக்கூடம், மாலையில் கடை வாசலில் நோட்டீஸ். கடை மேனேஜருக்குத் தலைவலியாக இருந்தால் போதும், அவரே திராட்சையை எடுத்துவிடுவார். பிரிட்டன் துறைமுகங்களில்கூட இறக்க மறுத்தார்கள். எதிர்ப் பக்கமும் சும்மா இல்லை. ஆளுநர் ரீகன் கேமரா முன் திராட்சை தின்றார், நிக்சனும் தின்றார். ராணுவம் வியட்நாமில் இருந்த படைகளுக்குத் திராட்சை வாங்கும் அளவு கூடியது.

நடுவில் 1968 பிப்ரவரியில் சாவேஸ் உண்ணாவிரதம் இருந்தார். வேலைநிறுத்தக்காரர்களிலேயே சிலர் அடிதடியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுதான் காரணம். காந்தியைப் படித்தவர், உண்ணாவிரதத்தை எதிரிக்கு எதிராக இல்லாமல் தன் ஆட்களைப் பார்த்து நடத்தலாம் என்பதைப் பிடித்துக்கொண்டார். சங்கத்தின் பெட்ரோல் நிலையக் கட்டடத்தில் ஒரு சின்ன அறையில் 25 நாள். முடிக்கும்போது ராபர்ட் கென்னடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பகிர்ந்தார். மூன்றே மாதத்தில் கென்னடி சுடப்பட்டார். சில நிமிடங்களுக்கு முன்புதான் மேடையில் அவருக்குப் பக்கத்தில் ஹுவெர்த்தா நின்றிருந்தார்.

1969 வாக்கில் ஒரு வேடிக்கை நடந்தது. பண்ணைத் தொழிலாளரைத் தொழிலாளர் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற குரல் தோட்டக்காரர்கள் பக்கத்திலிருந்தே கேட்டது! முப்பது வருடமாக வெளியே வைத்திருக்கச் சொன்னவர்கள், உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். சாவேஸ் தயங்கினார். 1935-ல் மற்றவர்களுக்குக் கொடுத்ததைக் கொடுங்கள், 1947-ல் பிடுங்கியதை எங்களிடம் பிடுங்காதீர்கள் என்பதுதான் அவர் நிலைப்பாடு.

1970 ஜூலை 29 அன்று ஜுமாராவும் மற்ற டெலானோத் தோட்டக்காரர்களும் சங்க மண்டபத்துக்கே வந்து கையெழுத்துப் போட்டார்கள். மணிக்கு 1.80 டாலர், பெட்டிக்கு 20 சென்ட், மருத்துவ நிதிக்கு மணிக்கு 10 சென்ட். டிடிடி போன்ற மருந்துகளுக்குத் தடை. டிடிடிக்கு அரசு நாடு முழுக்கத் தடை போட்டது அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான்.

பெரும்பாலான கதைகள் இந்தக் கையெழுத்தோடு முடிந்துவிடும். எனக்கு அதற்குப் பிறகு நடந்ததுதான் உறுத்துகிறது.

ஒப்பந்தக்காரரை ஒழிக்கச் சங்கமே வேலைக்கு ஆள் அனுப்பும் கூடம் ஒன்றை வைத்தது. சங்கத்தில் யார் மூத்தவரோ அவருக்கு முதல் வேலை. காகிதத்தில் நியாயம். ஆனால் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒரே குழுவாக, ஒரே மேஸ்திரியோடு, வருடா வருடம் அதே தோட்டத்துக்குப் போய்ப் பழகியவர்கள். அவர்களைப் பிரித்து வேறு வேறு தோட்டத்துக்கு அனுப்பியது கூடம். சண்டையைத் தொடங்கியவர்கள் வரிசையில் பின்னால் நின்றார்கள். இட்லியாங் 1971-ல் விலகினார். மெக்சிகோக்காரர்களின் எண்ணிக்கை பெரிது, சங்கக் கொடி அவர்களுடையது, கூட்டங்கள் ஸ்பானிய மொழியில். கூட இருந்து பல வருடம் பொறுத்த இன்னொரு பிலிப்பைன்ஸ் தலைவர் பிலிப் வெரா குரூஸ் 1977-ல் போனார். சர்வாதிகாரி மார்க்கோஸ் ஆண்ட பிலிப்பைன்ஸுக்குச் சாவேஸ் போய் வந்ததை அவரால் ஏற்க முடியவில்லை. ஏழைகளின் ஒற்றுமைக்குள்ளும் யார் பெயர் பலகையில் வரும் என்ற கணக்கு இருக்கத்தான் செய்கிறது. டெலானோ என்றால் இன்றும் சாவேஸ் பெயர்தான் முதலில் வருகிறது.

எல்லை தாண்டி ஆவணம் இல்லாமல் வந்தவர்கள் விஷயத்தில் சங்கம் நடந்துகொண்டது இன்னும் மோசம். 1970-களில் கருங்காலிகளாக வந்தவர்களில் பலர் அவர்கள். சங்கம் அவர்களைக் குடியேற்றத் துறைக்குக் காட்டிக்கொடுத்தது. 1974-ல் அரிசோனா எல்லையில் கூடாரம் போட்டு, கடந்து வருபவர்களைத் தடுக்க ஆட்களை நிறுத்தியது, அடிதடியும் நடந்தது. ஒரு பட்டினிக்காரரை வைத்து இன்னொருவரை அடிக்கும் முதலாளியின் உத்தியைச் சங்கமே கையில் எடுத்தது போலத்தான் எனக்குப் படுகிறது. பிறகு கொள்கையை மாற்றிக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

1973-ல் மூன்று வருட ஒப்பந்தம் முடிந்ததும் தோட்டக்காரர்கள் டீம்ஸ்டர்ஸ் என்ற லாரித் தொழிலாளர் சங்கத்தோடு தங்களுக்கு வசதியான ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கோடையில் மூவாயிரத்துக்கும் அதிகமான கைதுகள். ஏமனிலிருந்து வந்த நாகி தைஃபல்லா என்ற இளைஞரும், ஹுவான் தெ லா குரூஸ் என்ற அறுபது வயதுக்காரரும் ஆகஸ்டில் ஒரே வாரத்தில் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான், 1975-ல், ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காலத்தில் கலிபோர்னியா தனக்கென்று ஒரு பண்ணைத் தொழிலாளர் உறவுச் சட்டம் கொண்டுவந்தது. ரகசிய வாக்கெடுப்பு, சங்கம் வைக்கும் உரிமை, விசாரிக்க ஒரு வாரியம். சங்க ஆட்கள் குறிப்பிட்ட நேரத்தில் தோட்டத்துக்குள் வந்து பேச அனுமதி.

அதே வருடம் இன்னொன்றும் நடந்தது, இதைத்தான் நான் பெரிய வெற்றி என்பேன். கீரை, பீட்ரூட் வயல்களில் களையெடுக்கவும் நாற்றைக் கலைக்கவும் ஒரு குட்டைக் கொத்து கொடுப்பார்கள். பிடி இரண்டடிக்கும் குறைவு. ‘எல் கொர்த்தீத்தோ’ என்று பெயர், குட்டையன். நம் களைக்கொத்தை உட்கார்ந்து பிடிப்பார்கள், இதை இடுப்பை மடித்து நாள் முழுக்க நின்றபடி பிடிக்க வேண்டும். நீளப் பிடியில் செய்ய முடியாத வேலையா? மற்ற மாநிலங்களில் நீளப் பிடியில்தான் செய்தார்கள். குட்டைப் பிடியில் இன்னொரு வசதி, நிமிர்ந்தவர் யார் என்று வரப்பில் நிற்கும் மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகெலும்பு போனவர்களின் மருத்துவச் சாட்சியத்தோடு ஏழைகளுக்கான வழக்கறிஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 1975-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அது தடையானது. பயிர் எதுவும் அழிந்துபோகவில்லை.

சட்டம் வந்த பிறகு சங்கம் வளர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1976-ல் மாநிலச் சட்டமன்றத்தில் பணம் ஒதுக்கவிடாமல் வாரியத்தைச் சில மாதம் முடக்கினார்கள். 1983-லிருந்து தோட்டக்காரர்களின் ஆதரவோடு வந்த ஆளுநரின் கீழ் வாரியம் பல்லில்லாததாகியது. சங்கத்துக்குள்ளேயே சாவேஸ் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு நல்ல ஆட்களை வெளியேற்றினார், எலிசேயோ மெதினாவும் 1978-ல் போய்விட்டார். 1993-ல் சாவேஸ் இறந்தபோது சங்கத்தின் கையில் இருந்த ஒப்பந்தங்கள் பழைய நிலையில் ஒரு சிறு பகுதிதான்.

இன்று அமெரிக்கப் பயிர்த்தொழில் கூலிகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஆவணம் இல்லை. தற்காலிக விவசாய விசாவில் ஆள் எடுக்க 2005-ல் அனுமதி கிடைத்த இடங்கள் ஐம்பதாயிரத்துக்கும் கீழே. 2022-ல் 3.7 லட்சத்தைத் தாண்டியது. அந்த விசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது, வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். பிரசேரோத் திட்டம் பெயர் மாறி வந்த மாதிரிதான் இருக்கிறது. 2021 ஜூனில், செடார் பாயிண்ட் என்ற ஸ்ட்ராபெர்ரி நாற்றுப் பண்ணையின் வழக்கில், சங்க ஆட்கள் தோட்டத்துக்குள் வரலாம் என்ற 1975-ஆம் வருட விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று ரத்து செய்தது. இழப்பீடு இல்லாமல் அடுத்தவர் சொத்தை எடுத்துக்கொள்வதற்குச் சமம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

1935-ஆம் வருட வரி மத்திய சட்டத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. சில மாநிலங்கள் மட்டும் தாமாக ஏதோ செய்திருக்கின்றன. நியூயார்க் மாநிலம் 2019-ல் பண்ணைத் தொழிலாளருக்குச் சங்கம் வைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைக் கொடுத்தது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் கூடுதல் கூலி என்றெல்லாம் எழுதியது. வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்பதையும் அதே சட்டத்தில் எழுதியது.